கட்டம் போட்ட நோட்டில் ஓர் அரண்மனை

ஒருமுறைகூடக் கால் வைக்காத ஒரு கட்டடத்தின் மூலைமுடுக்கெல்லாம் மனப்பாடமாகத் தெரிந்த தலைமுறை ஒன்று நம் நாட்டில் இருக்கிறது. எந்தக் கல் காலடியில் பெயர்ந்து விழும், எந்தத் திருப்பத்தில் தரையிலிருந்து முள் கிளம்பும், எந்தக் கதவு எவ்வளவு நேரம் திறந்திருக்கும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். கட்டடம் பெர்சியாவில் இருப்பதாகக் கதை. அதன் உரிமையாளர் ஜாஃபர் என்ற கெட்ட மந்திரி. பாதாளச் சிறையில் தள்ளப்பட்ட இளைஞன் ஒருவன் 60 நிமிடத்துக்குள் 12 கட்டங்களைத் தாண்டி, மந்திரியைக் கொன்று, இளவரசியை மீட்க வேண்டும்.

‘பிரின்ஸ் ஆஃப் பெர்சியா’வை ஜோர்டன் மெக்னர் என்ற அமெரிக்க இளைஞர் ஆப்பிள் கம்ப்யூட்டருக்காக எழுதினார். வெளியானது 1989ல். மறு வருடமே அது நம் ஊர்களில் இருந்த வகைக் கம்ப்யூட்டருக்கு வந்தது. அதன்பின் யார் யாருக்குக் கொடுத்தார்கள் என்ற கணக்கே இல்லாமல், ஒரே ஒரு ஃப்ளாப்பியில் அடங்கி, கைமாறிக் கைமாறி இந்தியா முழுக்கப் பரவியது. கம்ப்யூட்டர் வகுப்பு என்று போர்டு மாட்டிய மாடியறைகளில் வேர்ட்ஸ்டாரும் பேசிக்கும் கற்றுக்கொண்டவர்கள் பலருக்கு அந்தப் பாடங்கள் மறந்துவிட்டன. பாதாளச் சிறை மறக்கவில்லை.

எனக்கு அது சித்திரபுரத்தோடு சேர்ந்தே நினைவில் இருக்கிறது. மூணாறிலிருந்து அடிமாலி போகும் ரோட்டில் ரெண்டாம் மைலில் பிரிந்து போனால் வரும் ஊர். திருவிதாங்கூரின் கடைசி மகாராஜா ஸ்ரீ சித்திரைத் திருநாளின் பெயரைத் தாங்கியது. ஊர் உருவானதற்குக் காரணம் பள்ளிவாசல் மின்திட்டம். 1940 மார்ச்சில் இயங்கத் தொடங்கிய அது, இன்றைய கேரளத்தின் முதல் நீர்மின் நிலையம். மூணாறில் அணைகட்டித் தடுத்த தண்ணீர் மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக வந்து, மலைச்சரிவில் பெரிய இரும்புக் குழாய்களில் இறங்கி, கீழே பவர் ஹவுஸில் டர்பைனைச் சுற்றும். தமிழ்நாட்டிலிருந்து மலையேறி வந்த கூலிக்காரர்களின் பேரப்பிள்ளைகளும், ஆலப்புழை, கோட்டயம் பக்கமிருந்து மாற்றலாகி வந்த மலையாளி உத்தியோகஸ்தர்களின் பிள்ளைகளும் பக்கத்துப் பக்கத்துக் குவார்ட்டர்ஸில் வளர்ந்தோம். வீட்டில் தமிழ், பக்கத்து வீட்டில் மலையாளம், பள்ளிக்கூடத்தில் இரண்டும்.

1995ல் எனக்குப் பன்னிரண்டு வயது. சனிக்கிழமை மதியம் பஸ் பிடித்து மூணாறு போய், ஒரு மாடியறையில் நடந்த கம்ப்யூட்டர் வகுப்பில் உட்காருவோம். நான்கு பேர், இரண்டு மெஷின். ஒன்றரை மணி நேரப் பாடத்துக்குப் பிறகு, சார் நல்ல மனநிலையில் இருந்தால் ஆளுக்குப் பத்து நிமிடம் ‘பிரின்ஸ்’. நல்ல மனநிலையில் இல்லாவிட்டால் அதுவும் இல்லை. நடுவில் கரண்ட் போய்விட்டால் கேட்கவே வேண்டாம். அன்றைய விளையாட்டு அதோடு சரி. மலையாள நாட்டுக்கு முதன்முதலில் பெரிய அளவில் கரண்ட் தந்த மலையில்தான், மழைக்காலத்தில் கரண்டைக் கண்ணால் பார்ப்பது அபூர்வம்.

இந்தப் பத்து நிமிடம்தான் எங்களை வரைபடக்காரர்கள் ஆக்கியது. அறுபது நிமிட ஆட்டத்தைப் பத்து நிமிடத் துண்டுகளாக ஆடவேண்டுமானால், எதில் தடுக்கி விழுந்தோம் என்பதை வாரம் முழுக்க நினைவில் வைத்திருக்க வேண்டும். மூன்றாவது லெவலிலிருந்து ஆட்டத்தைச் சேமித்து வைக்க ஒரு வசதி உண்டு. ஆனால் ஒரு மெஷினில் ஒரே ஒரு சேமிப்புக்குத்தான் இடம். நாங்கள் வைத்துவிட்டுப் போனதன் மேல் ஞாயிற்றுக்கிழமை வகுப்புப் பையன்கள் தங்களுடையதை வைத்துவிட்டுப் போவார்கள். அதனால் கம்ப்யூட்டரை நம்பிப் பயனில்லை என்று முடிவாயிற்று. பக்கத்துக் குவார்ட்டர்ஸ் சேட்டன் என்னைவிட இரண்டு வயது மூத்தவன். அவன்தான் ஒரு கணக்கு நோட்டை எடுத்தான். கட்டம் போட்டது, எண்பது பக்கம்.

கட்டம் போட்ட நோட்டு தற்செயலாக எடுத்ததுதான். ஆனால் அதைவிடப் பொருத்தமான கருவி கிடையாது என்பது பின்னால் தெரிந்தது. அந்த விளையாட்டில் திரை நகராது. ஓர் அறையின் ஓரத்தைத் தாண்டினால் சட்டென்று அடுத்த அறை தோன்றும். ஒவ்வோர் அறையும் அகலத்தில் பத்துக் கட்டம், உயரத்தில் மூன்று தட்டு. ஒரு லெவலில் அதிகபட்சம் 24 அறைகள். மெக்னர் தன் அரண்மனையைக் கட்டியதே கட்டங்களால்தான். நாங்கள் கண்ணால் எண்ணிப் பத்துக்கு மூன்றாக வரைந்தது அவருடைய மூலக் கணக்கு. ஒரு லெவல் நோட்டின் இரண்டு பக்கத்தில் அடங்கும்.

சேட்டன் சில குறிகளை ஏற்படுத்தினான். பெயர்ந்து விழும் கல்லுக்குப் புள்ளிக்கோடு. முள்ளுக்கு மூன்று நிற்கும் கோடு. மேலும் கீழும் வாய் மூடித் திறக்கும் கத்திக்குப் பல். மிதித்தால் கதவு திறக்கும் கல்லுக்கு வட்டம், மிதித்தால் மூடும் கல்லுக்கு வட்டத்துக்குள் பெருக்கல் குறி. குப்பிகள்தான் பெரிய தலைவலி. கலர் மானிட்டரில் சிவப்புக் குப்பி உயிர் கூட்டும், நீலக் குப்பி விஷம். எங்கள் மெஷின் இரண்டும் கறுப்பு வெள்ளை. இரண்டு குப்பியும் ஏறக்குறைய ஒரே சாம்பல் நிறம். யாராவது ஒருவன் குடித்துப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். குடித்தவனின் பெயரின் முதலெழுத்தும் பலனும் நோட்டில் ஏறும்.

அறைகளுக்குப் பெயர் வேண்டியிருந்தது. ‘அந்த மேலே ஏறி இடது பக்கம் போற ரூம்’ என்று பஸ்ஸில் நின்றுகொண்டு விளக்க முடியாது. பெயர்கள் ஊரிலிருந்து வந்தன. நேராகக் கீழே இறங்கிக்கொண்டே போகும் அறைவரிசை ‘பெரிய குழாய்’. அதன் உச்சியில் இருந்த அறை ‘வால்வ் ஹவுஸ்’. இருட்டாக நீண்டு போகும் பாதை ‘டனல்’. முதல் கதவைத் தாண்டி இரண்டு வழியாகப் பிரியும் இடம் ‘ரெண்டாம் மைல்’. குண்டான காவல்காரன் ஒருவன் நிற்கும் அறைக்கு எங்கள் பள்ளிக்கூட வாத்தியார் ஒருவரின் பட்டப்பெயர். சேட்டனின் குறிப்புகள் மலையாளத்தில், என்னுடையவை தமிழில். ஆபத்தான இடங்களில் அவன் ‘சூக்ஷிக்குக’ என்று எழுதுவான். நான் பக்கத்தில் ‘பாத்து’ என்று எழுதுவேன். குழி இரண்டு மொழியிலும் குழிதான். முள்ளும் அப்படியே. ஜாஃபரின் பாதாளச் சிறையை இவ்வாறு எங்கள் மின்வாரியக் காலனியோடு இணைத்துவிட்டோம்.

விளையாடியது வாரம் பத்து நிமிடம். மீதி நேரமெல்லாம் நோட்டில்தான் விளையாடினோம். தேயிலைச் சரிவில் உட்கார்ந்து, பென்சில் முனையை இளவரசனாக வைத்து, இங்கே மூன்று அடி, இங்கே ஓடிவந்து தாவல், இங்கே தொங்கி இறக்கம் என்று ஒத்திகை பார்ப்போம். முள்ளின் மேல் ஓடினால் செத்தான், அடிமேல் அடி வைத்து நடந்தால் பிழைத்தான். கத்திச்சண்டை மட்டும் காகிதத்தில் வராது. அதற்குக் குச்சி இருந்தது. எம்.ஜி.ஆர். படச் சண்டை மாதிரியே இருக்கிறது என்று அப்போது பேசிக்கொண்டோம். அதில் உண்மை இல்லாமல் இல்லை. 1938ல் வந்த ராபின்ஹூட் படத்தில் எரால் ஃப்ளின் போடும் வாள்சண்டையைப் பிரேம் பிரேமாகப் பார்த்துத்தான் மெக்னர் தன் சண்டையை வரைந்தார். ஓட்டமும் தாவலும் அவருடைய தம்பி டேவிட்டினுடையவை. வெள்ளை உடையில் தம்பியை ஓடவிட்டு 1985ல் வீடியோ எடுத்து, அதன்மேல் வரைந்தார். இளவரசன் சுவரைப் பிடித்து ஏறும்போது ஒரு நிஜப் பையனின் உடல் கனம் தெரிவதற்கு அதுதான் காரணம்.

வரைபடம் இல்லாமல் ஆடமுடியாத விளையாட்டு என்பது எங்கள் வறுமையின் கண்டுபிடிப்பு என்றே வெகுநாள் நினைத்திருந்தேன். அந்த வம்சத்தின் வேரே வரைபடத்தில் இருக்கிறது என்று பிற்பாடு படித்தபோது ஆச்சரியமாக இருந்தது.

வில் குரௌதர் என்ற அமெரிக்கர் 1970களில் பாஸ்டன் பக்கம் ஒரு கம்பெனியில் புரோகிராமர். இண்டர்நெட்டின் முன்னோடியான வலையமைப்பை உருவாக்கியவர்களில் ஒருவர். விடுமுறையில் அவருக்கு வேறு வேலை: குகைக்குள் இறங்கி அளப்பது. கெண்டகி மாநிலத்தில் உள்ள மாமத் குகை உலகிலேயே நீளமானது. இதுவரை அளக்கப்பட்டது மட்டும் 680 கிலோமீட்டருக்கு மேல். குரௌதரும் அவருடைய மனைவி பட்ரீஷியாவும் அதன் பாதைகளை நாடா பிடித்து அளந்து, அளவுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றி வரைபடமாக்கினார்கள். 1972ல், தனித்தனிக் குகைகள் என்று கருதப்பட்ட இரண்டும் உள்ளுக்குள் ஒன்றே என்று கண்டறிந்த குழுவில் பட்ரீஷியா இருந்தார். அதன்பின் தம்பதி பிரிந்துவிட்டனர். இரண்டு பெண் குழந்தைகள். அவர்கள் வந்தால் விளையாட ஏதாவது வேண்டும் என்று 1975-76ல் குரௌதர் ஒரு புரோகிராம் எழுதினார். அதில் படம் கிடையாது. நீங்கள் ஒரு குகை வாசலில் நிற்கிறீர்கள் என்று எழுத்தில் சொல்லும். வடக்கே போ என்று டைப் அடித்தால் அடுத்த இடத்தைச் சொல்லும். அந்த இடங்களில் பெரும்பகுதி அவர் தன் காலால் தவழ்ந்து போன, மாமத் குகையின் ஒரு பகுதிதான். 1977ல் ஸ்டான்ஃபோர்டில் படித்துக்கொண்டிருந்த டான் வுட்ஸ் அதைப் பெரிதாக்க, ‘அட்வென்ச்சர்’ என்ற அந்த விளையாட்டு அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் எங்கும் பரவியது. அட்வென்ச்சர் விளையாட்டு என்ற வகைக்கே அதுதான் பெயர் தந்தது.

அதில் ஒரு புகழ்பெற்ற புதிர்வழி உண்டு. எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே மாதிரி இடம், ஒரே மாதிரி வர்ணனை. எங்கே நிற்கிறோம் என்று தெரியாது. ஆடியவர்கள் கண்டுபிடித்த உபாயம் எளிமையானது. கையிலிருக்கும் சாமான்களை ஒவ்வோர் இடத்திலும் ஒவ்வொன்றாகப் போட்டுவிடுவது. மறுபடி வரும்போது விளக்கு கிடந்தால் இது விளக்கு அறை, கூண்டு கிடந்தால் கூண்டு அறை. அப்படி அடையாளம் வைத்து, காகிதத்தில் வட்டமும் அம்பும் போட்டு வெளியேறினார்கள். அந்த விளையாட்டை நன்றாக ஆடியிருந்த ஒரு பெண் பின்னொரு நாள் நிஜக் குகைக்கு முதன்முறையாகப் போனபோது வழி தெரிந்து நடந்தார் என்று குகைக்காரர்களிடையே ஒரு கதை உண்டு. தரையில் இருந்ததைக் குரௌதர் காகிதத்துக்கும், காகிதத்திலிருந்து கம்ப்யூட்டருக்கும் கொண்டுபோனார். ஆடியவர்கள் அதைத் திரும்பக் காகிதத்துக்குக் கொண்டுவந்தார்கள்.

ஜப்பானிலும் இதே கதைதான். ‘தி லெஜண்ட் ஆஃப் செல்டா’வை 1986ல் உருவாக்கிய ஷிகெரு மியாமோட்டோ, கியோட்டோவுக்கு அருகில் சோனோபே என்ற ஊரில் சிறுவயதில் கையில் விளக்கோடு ஒரு குகைக்குள் போன அனுபவத்தைத் தன் விளையாட்டின் மூலமாகச் சொல்லியிருக்கிறார். அவருடைய ‘சூப்பர் மேரியோ’வை நம் ஊரில், நகல் மெஷின்களில், டி.வி.யோடு இணைத்து ஆடாத பிள்ளைகள் குறைவு. அதில் நான்காம், ஏழாம் உலகங்களின் கோட்டைகளில், தவறான தட்டில் ஓடினால் வழி முடியவே முடியாமல் திரும்பத் திரும்ப அதே இடம் வரும். மேலே, கீழே, நடுவே என்று விரல்விட்டு மனப்பாடம் செய்தவர்களுக்கு அது புரியும். ஊர் சுற்றிய பையன்கள் பெரியவர்களாகி எழுதிய விளையாட்டுகள் இவை. ஊரின் மேடுபள்ளம் தெரிந்த பிள்ளைகளுக்கு அவை சுலபமாகப் பிடிபட்டதில் வியப்பில்லை.

முப்பது வருடம் கழித்து ‘பிரின்ஸ்’ஸைத் திரும்ப ஆடுவதற்கு இப்போது ஒரு பாடும் இல்லை. பழைய கம்ப்யூட்டரைப் போல நடிக்கும் புரோகிராம்கள் இருக்கின்றன. இண்டர்நெட் ஆர்க்கைவ் என்ற அமெரிக்க அமைப்பு 2015 ஜனவரியில் இரண்டாயிரத்துக்கும் அதிகமான பழைய டாஸ் விளையாட்டுகளை, யாரும் உட்கார்ந்த இடத்திலேயே ஆடும்படி திறந்துவிட்டது. போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நோட்டைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு ஆடிப் பார்த்தேன். கலர் மானிட்டரில், சிவப்பும் நீலமுமாகக் குப்பிகள். குடித்துப் பார்க்கத் தேவையே இல்லை. வரைபடம் பெரும்பாலும் அச்சாகப் பொருந்தியது. ஆனால் நினைவிலிருந்த அரண்மனையைவிடத் திரையிலிருந்தது மிகச் சிறியது. ஒரு வாரம் முழுக்கப் பேசிப் பேசி நடந்த ‘டனல்’, திரையில் ஏழெட்டு விநாடி. பெரிய குழாயில் இறங்குவது ஒரு மூச்சு. கரண்ட் போகவில்லை, பின்னால் யாரும் ‘டைமாச்சுடா’ என்று சட்டையைப் பிடித்து இழுக்கவில்லை. ஒரே அமர்வில் ஏழாம் லெவல் வந்துவிட்டது.

அந்த லெவலோடு நோட்டில் கையெழுத்து மாறுகிறது. 1996 மே மாதம் சேட்டனின் அப்பாவுக்கு மாற்றல். குவார்ட்டர்ஸ் வாழ்க்கையில் இது புதிதல்ல. ஒரு லாரி வரும், இரண்டு கட்டில், ஒரு அலமாரி, பூந்தொட்டிகள் ஏறும், அடுத்த மாதம் அதே வீட்டில் வேறொரு குடும்பம் துணி உலர்த்தும். நோட்டை அவன் எனக்குக் கொடுத்துவிட்டுப் போனான். எட்டாம் லெவலிலிருந்து மலையாளம் இல்லை.

எட்டாம் லெவலில் ஓர் இடம் உண்டு. இளவரசன் உள்ளே போனதும் பின்னால் கதவு இறங்கிவிடும். முன்னாலும் வழி இல்லை. திறக்கும் கல் எதுவும் அவன் கைக்கெட்டும் தூரத்தில் இல்லை. எவ்வளவு தாவினாலும் பயனில்லை. ஒன்றும் செய்யாமல் கொஞ்ச நேரம் நின்றால், இளவரசி அனுப்பிய ஒரு சுண்டெலி ஓடி வந்து அந்தப் பக்கத்துக் கல்லின் மேல் ஏறும், கதவு திறக்கும். எங்கள் குறிகளில் இதற்குக் குறி இல்லை. அந்த அறைக்குள் ‘இங்கே சும்மா நிக்கணும்’ என்று எழுதியிருக்கிறேன். மீதி லெவல்களை நானும் மற்ற இரண்டு பேரும் முடித்தோம். நோட்டு முழுமையாயிற்று.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம் உண்டு. பழைய விளையாட்டுகளைக் காப்பாற்றும் வேலை உலகெங்கும் அக்கறையோடு நடக்கிறது. தொலைந்தே போயிற்று என்று நினைத்தவைகூடக் கிடைத்திருக்கின்றன. ‘பிரின்ஸ்’ஸின் மூலப் புரோகிராம் இருந்த ஃப்ளாப்பிகளை மெக்னரே தேடி அலுத்துவிட்டார். 2012ல் அவருடைய அப்பா வீட்டில் ஒரு பெட்டிக்குள் அவை இருந்தன. காந்தப் பூச்சு உதிர்வதற்குள் நிபுணர்கள் உட்கார்ந்து வாசித்தார்கள். மெக்னர் அதை எல்லோரும் படிக்கும்படி வெளியிட்டார். குரௌதரின் முதல் புரோகிராமும் அப்படித்தான். டான் வுட்ஸின் மாணவர் கணக்கு இருந்த ஸ்டான்ஃபோர்டின் பழைய சேமிப்பிலிருந்து அது மீட்கப்பட்டது. டெனிஸ் ஜெர்ஸ் என்ற பேராசிரியர் அதை எடுத்துக்கொண்டு, நிஜக் குகைக்கே போய், விளையாட்டில் உள்ள இடங்களை ஒவ்வொன்றாக ஒப்பிட்டு 2007ல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்.

ஆனால் இவையெல்லாம் விளையாட்டின் ஒரு பாதிதான். எழுதியவரின் பாதி. ஆடியவர்களின் பாதி எங்கே? அது காகிதத்தில் இருந்தது. கணக்கு நோட்டின் கடைசிப் பக்கங்களில், டைரியில், காலண்டர் தாளின் பின்புறத்தில். அதை யாரும் ஃப்ளாப்பியைப் போல மதித்துப் பெட்டியில் வைக்கவில்லை. பரீட்சை முடிந்ததும் பழைய பேப்பர்க்காரரிடம் போயிற்று. எங்கள் மலையில் அதற்கும் முன்பே பூஞ்சை பிடித்துவிடும். வருடத்தில் பாதி மழையும் மூடுபனியுமாக இருக்கும் ஊரில் காகிதத்துக்கு ஆயுள் குறைவு. எங்கள் வகுப்பிலேயே நான்கு பேரிடம் நான்கு நோட்டு இருந்தது. இருப்பது இது ஒன்றுதான், அதிலும் கடைசி ஆறு பக்கங்களில் மை பரவிவிட்டது. பாதாளச் சிறையின் கட்டங்களை யார் வேண்டுமானாலும் இன்று பார்க்கலாம். அதில் ஓர் அறைக்கு ‘வால்வ் ஹவுஸ்’ என்று பெயர் இருந்தது என்பதை எந்த ஃப்ளாப்பியிலிருந்தும் மீட்க முடியாது.

டொரண்டோவில் வாழும் ஒரு தமிழ் இளைஞரின் குழு 2023ல் வெளியிட்ட ‘வெண்பா’ என்ற விளையாட்டைப் பார்த்தபோது இது இன்னும் உறுத்தியது. 1980களில் கனடாவுக்குக் குடியேறும் தமிழ்க் குடும்பத்தின் கதை அது. அதில் வாள் இல்லை, மந்திரி இல்லை. கதாநாயகி வெண்பாவிடம் அவளுடைய அம்மாவின் சமையல் குறிப்பு நோட்டு ஒன்று இருக்கிறது. பக்கங்கள் கிழிந்து, மை அழிந்து போனவை. அழிந்த வரிகளில் என்ன இருந்திருக்கும் என்று ஊகித்து இட்லியும் புட்டும் பிரியாணியும் சமைப்பதுதான் ஆட்டம். 2024ல் பிரிட்டனின் பாஃப்டா விருது, முதல் படைப்புக்கான பிரிவில் அதற்குக் கிடைத்தது. அழியும் நோட்டு ஒன்றிலிருந்து ஒரு குடும்பத்தையே மீட்கலாம் என்று அந்த இளைஞர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

பக்கங்களை வெயில் வந்த ஒரு நாளில் காயவைத்து, ஒவ்வொன்றாகப் போட்டோ எடுத்துச் சேட்டனுக்கு அனுப்பினேன். நம்பர் பழைய காலனிக்காரர்கள் வழியாகக் கிடைத்தது. வளைகுடாவில் இருக்கிறான், அவன் பிள்ளைகளுக்கு அன்றைய எங்கள் வயது. இரண்டு நாள் பதில் இல்லை. பிறகு மலையாளத்தில் குரல் செய்தி வந்தது. நலம் விசாரிக்கவில்லை. மூன்றாம் லெவல் எலும்புக்கூட்டைக் குத்திக் கொல்ல முடியாது, பின்வாங்க வைத்துக் குழியில் தள்ள வேண்டும், அதை நோட்டில் எழுதவேண்டும் என்று அப்போதே நினைத்ததாகவும், இடம் போதவில்லை என்றும் சொன்னான். அந்தப் பக்கத்தில் ஓரத்தில் இன்னும் இரண்டு கட்டம் காலியாக இருக்கிறது. அவன் சொன்ன வாக்கியத்தைப் பென்சிலால் மலையாளத்திலேயே எழுதி, தேதியும் போட்டு வைத்திருக்கிறேன்.